உங்கள் சாமி எந்தப் பக்கம்?

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கோயிலில் வேதவசனம் வாசிக்க என் முறை வந்தால் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அப்படிப்பட்டவள் நோயைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் தோட்டத்தில் என் நோயைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். பேசாதவள் நான் ஒருத்திதான். டிபி வந்து, வீட்டிலோ சபையிலோ ஒதுக்கி வைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்தால் போதும் என்று துணிந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலேசியாவில், கோல சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய சாலையை விட்டுச் செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். நான் அங்கே பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவுகிறவள். விடியலில் பனியில் நிற்கிறவர்களுக்கு இருமல் புதிதல்ல. அதனால் அந்த மழைக்காலத்தில் தொடங்கிய இருமலை நான் மதிக்கவில்லை. கோடாலித் தைலம் தேய்த்தேன். மிளகுக் கஷாயம் குடித்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரஸர் கொடுத்த இருமல் மருந்தையும் போத்தல் போத்தலாகக் குடித்தேன். மழை விட்டது, இருமல் விடவில்லை. சாயங்காலமானால் உடம்பு காயும். காலையில் எழுந்தால் பாய் நனைந்திருக்கும். ரவிக்கைக் கை தொளதொளத்துப் போனது. "என்னா எஸ்தரு, சினிமாவுல நடிக்கப் போறியா, இப்படி இளைச்சிட்டே?" என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு நாள் காட்டில் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு இருமினேன். துப்பிய சளியில் சிவப்பாக நூல்போல் ஓடியிருந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சாமுவேலிடம் சொன்னபோது, ஏதோ நகையைத் தொலைத்துவிட்டு வந்தவள்போல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் தோட்டத்து லோரியில் வேலை செய்கிறவர். என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர். விடிந்ததும் லோரிக்குப் போகாமல் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டிரஸரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னபடியே பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நெஞ்சு நோய்ப் பகுதிக்கு முன்னால் நீளமான பலகைகள் போட்டிருந்தார்கள். ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த நிமிடம் அவர் இருமுவார், முன்னவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லோரும் ஒரே சந்தேகத்தோடு வந்தவர்கள். இருந்தும் மற்றவருக்குத்தான் அந்த நோய், நமக்கு வெறும் சளி என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மரம் சீவாவிட்டால் சம்பளம் இல்லை என்பதுதான் பயம். சாமுவேல் கடையில் எனக்கு மட்டும் சோறு வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பசிக்கவில்லை என்றார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்று மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இருமல்காரிக்கு அதுவே பெரிய சோதனை. பிறகு சளிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் முதலில் வரும் சளியை மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும். அதில் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிருமி தெரியுமாம். என்னுடையதில் தெரிந்தது. டாக்டர் இளம் சீனப் பெண். எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் இலவம்பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. அவர் மலாயில் சொன்னதை, கூட இருந்த தமிழ் மிஸ்ஸி எனக்கு விளக்கினார். நாங்கள் ஆஸ்பத்திரித் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இது டிபி, காசநோய். கிருமியால் வருவது, சாபத்தால் வருவதில்லை. இருமும்போது காற்றில் பரவும். மூடிய இடத்தில் ரொம்ப நேரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொற்றலாம். தட்டாலும் டம்ளராலும் தொற்றாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். அதுவரை வார்டிலேயே தங்க வேண்டும். ஆனால் முழுவதும் குணமாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும்.

யாரோடெல்லாம் பக்கத்தில் இருக்கிறாய் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் என்றேன். கிள்ளான் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் மகள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. எங்கள் கோயிலையும் சொன்னேன்.

எங்கள் கோயில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள சின்னக் கட்டடம். என் அப்பாவும் தமிழ்நாட்டிலிருந்து அவரோடு கப்பலில் வந்தவர்களும் வேலையில்லாத நாட்களில் கட்டியது. பாஸ்டர் பல தோட்டங்களுக்குப் பொது என்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களிடம் வருவார். அன்றுதான் திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் பெண்கள் இடப்பக்கமும் ஆண்கள் வலப்பக்கமுமாகத் தோளோடு தோள் இடிக்க முட்டிபோடுவோம். அப்பம் தருவார், பிறகு திராட்சரசம். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். ஒருவர் வாய் வைத்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். நானும் இருமிக்கொண்டே மாதா மாதம் குடித்திருக்கிறேன்.

நான் சொன்னதால், திருவிருந்துக்கு வருகிற எல்லோரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று அவர்களுக்கு ஒரு நாள் கூலி போனது. என் வீட்டுக்காரர், மகள் உட்பட யாருக்கும் நோய் இல்லை. அதைக் கேட்டு வார்டில் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில். அவர்களுக்கு அப்படி இல்லை. டிபியை விட அந்த லோரிப் பயணத்தைத்தான் அவர்கள் மன்னிக்கவில்லை. ஒன்றைக் கவனித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பாடியதை நினைத்து ஒருவரும் பயப்படவில்லை. காற்றை யார் பார்க்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிந்தது பாத்திரம். பாத்திரத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வெந்நீரில் போட்டுக் கழுவினார்கள் என்று சாமுவேல் சொன்னார்.

இனி வார்டைச் சொல்கிறேன். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில், காற்று வரட்டும் என்று எப்போதும் திறந்த சன்னல்கள். தினமும் இடுப்பில் ஊசி. கை நிறைய மாத்திரை. அதில் ஒன்று சிவப்பு. அதைச் சாப்பிட்ட முதல் நாள் சிறுநீர் செம்பருத்திச் சாறுபோல் போனது. நான் சாகப் போகிறேன் என்று நினைத்துக் கழிவறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மிஸ்ஸி வந்து கதவைத் தட்டி, அது மருந்தின் சாயம், கண்ணீர்கூடச் சிவக்கும், அழுது துணியைக் கறையாக்காதே என்று சொல்லிச் சிரித்தார். இதை மருந்து கொடுப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். படிக்கிறவர்கள் இதையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அடுத்த கட்டிலில் ரொக்கியா என்று ஒரு மலாய்க்கார அம்மா. தஞ்சோங் காராங் பக்கம் நெல் போடுகிற குடும்பம். என் வயதுதான் இருக்கும், ஆனால் பேரன் பேத்தி எடுத்தவர் என்பதால் வார்டில் எல்லோருக்கும் அவர் மக்சிக், நம் பெரியம்மா மாதிரி. வந்த அன்றைக்கே மிஸ்ஸியிடம் மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். தொழும்போது அந்தத் திசையைப் பார்க்க வேண்டுமே. எழுந்து நிற்கத் தெம்பில்லாத நாட்களில் கட்டிலில் சாய்ந்தபடியே அந்தப் பக்கம் முகத்தை வைத்துத் தொழுவார்.

நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். ஜெபம் பண்ணும்போதெல்லாம் எங்கள் தோட்டம் இருக்கும் பக்கமாக உட்கார்ந்துகொள்வேன். மக்சிக் அதைப் பார்த்துவிட்டார்.

"உங்க சாமி எந்தப் பக்கம்?" என்று மலாயில் கேட்டார்.

என்ன சொல்வது? நான் கை நீட்டினேன். அந்தப் பக்கம் எங்கள் கோயில் இருக்கிறது, பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழியில் என்றேன்.

அவர் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "ஜாவுலா" என்றார். ரொம்பத் தூரமாச்சே என்று பொருள். "பஸ் மாறணுமே."

வார்டே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு மட்டும் பக்கமா, கடல் தாண்டி அல்லவா பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நான் அப்படித் திருப்பிக் கேட்டது அதுவே முதல் முறையாக இருக்கும். மக்சிக் கோபித்துக்கொள்ளவில்லை. "திசை என் மூஞ்சிக்குத்தான். அவருக்கு எதுக்குத் திசை?" என்று சொல்லிவிட்டு, மிச்சம் வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. எங்கள் கோயில் தூரம்தான். எங்கள் சாமி அங்கேதான் இருக்கிறார் என்றால், எனக்கு மூச்சு முட்டும் நேரத்தில் என்னிடம் வர அவரும் பஸ் மாறித்தான் வரவேண்டும்.

பாஸ்டர் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். வார்டுக்குள் வரவில்லை. வராந்தாக் கதவில் நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினார். சீக்கிரம் குணமாகிக் கர்த்தருடைய வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும், அவர் அங்கே காத்திருக்கிறார் என்று சொன்னார். நல்ல மனிதர். மழையில் நனைந்து வந்திருந்தார். அவருக்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

இன்னொரு நாள் சபையார் வேன் பிடித்து வந்தார்கள். மூப்பர் தேவசகாயம்தான் அழைத்துவந்தார். அவர் முன்பு எங்கள் தோட்டத்தில் மண்டோராக, வேலை வாங்கும் கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவரின் மகன். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எல்லோரும் வெளியே புல்தரையில் மரத்தடியில் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். நான் சன்னலில் நின்று கையாட்டினேன். அவர்களும் கையாட்டினார்கள். ஆரஞ்சுப் பழங்களை மிஸ்ஸியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர்களா என்று மக்சிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

சாமுவேல் உள்ளே வருவார். ஞாயிறு தவறாது, சில நாள் வேலை முடிந்தும் வருவார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவி அறியாத மனிதர், என் சாரோங்கை ஆஸ்பத்திரிக் குழாயில் துவைத்து வராந்தாக் கம்பியில் காயப்போட்டார். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் குடிக்க முடியாமல் மிச்சம் வைத்த கஞ்சியை, வீணாக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் அந்தக் கிண்ணத்திலேயே குடித்தார். தட்டால் தொற்றாது என்று மிஸ்ஸி சொன்னதை ஒரே தடவையில் நம்பியவர் அவர்.

ஒரு காலை மாத்திரை சாப்பிட்டதும் குமட்டியது. கிண்ணத்தை எடுப்பதற்குள் வாந்தி. போர்வை, தரை, என் உடம்பு எல்லாம். மிஸ்ஸி கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தார். மக்சிக் தன் கட்டிலை விட்டு இறங்கி வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். அவருக்கே மூச்சு வாங்கியது. தன் துண்டால், தொழுகைக்கு முன் முகம் துடைக்க வைத்திருந்த துண்டால், என் வாயைத் துடைத்தார். தன் குவளையில் தண்ணீர் ஊற்றி என் உதட்டில் வைத்தார். நான் குடித்தேன். மிச்சத் தண்ணீரை அவர் குடித்தார். அவருக்கும் தாகமாக இருந்திருக்கும். பிறகு, இவ்வளவு வாந்தி எடுக்கிறாயே, இந்த வயதில் மசக்கையா என்று கேட்டார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

அவர் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. நான்தான் அந்தக் குவளையையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குடித்த குவளையில் இன்னொருவர் குடிப்பதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? எங்கள் உடம்பே கர்த்தர் குடியிருக்கும் ஆலயம் என்று கோயிலில் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அது அழகான பேச்சு என்று நினைத்திருந்தேன். அன்று வாந்தி நாற்றத்தோடு ஈரத் துணியில் உட்கார்ந்திருந்தபோது அது வெறும் பேச்சு இல்லை என்று தெரிந்தது. அவர் வந்துவிட்டார். பஸ் மாறவில்லை.

இதைப் பிறகு நான் சொன்னபோது ஒருவர் கேட்டார்: இருவருக்கும் ஒரே நோய், அதனால் பயமில்லை, இதில் என்ன அதிசயம் என்று. சரி, அப்படியே இருக்கட்டும். அப்படியானால் அந்த மிஸ்ஸியைச் சொல்லுங்கள். அவருக்கு நோய் இல்லை. தினமும் எங்கள் கையைப் பிடித்து, எங்கள் துணியை அள்ளி, எங்கள் இருமலுக்கு நடுவில் நடந்தார். நெற்றியில் விபூதி வைத்த பெண். அவருக்குள் இருந்தவர் யார்? புல்தரையில் நின்று பாடியவர்களோடு வேனில் ஏறிப் போனவரா? என்னைவிடப் படித்தவர்கள் பதில் சொல்லட்டும்.

மக்சிக் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார். பிறகு என் சளியிலும் கிருமி இல்லை என்று வந்தது. அதை ஒரு தடவைக்கு மேல் சோதித்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். டாக்டர் சாமுவேலைக் கூப்பிட்டு, இனி இவளால் யாருக்கும் தொற்றாது, எல்லோரோடும் உட்காரலாம், சாப்பிடலாம், மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரஸர் முன்னால் விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த வாரத்தில், பாஸ்டர் வரும் ஞாயிற்றுக்கு முன்பு, தேவசகாயம் மாமா வந்தார். கையில் சின்ன அட்டைப்பெட்டி. திறந்து, தாளைப் பிரித்து, ஒரு கிளாஸை எடுத்து மேசையில் வைத்தார். காலும் தண்டும் வைத்த கிளாஸ், விளிம்பில் பொன் கோடு. கோல சிலாங்கூரில் கடை கடையாக ஏறித் தேடினாராம். உண்மையிலேயே அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அசிங்கமான ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

"உனக்குன்னு தனியா வாங்கினதும்மா. கடைசியில முட்டிபோடு. பாஸ்டர் இதுல ஊத்திக் குடுப்பாரு. யாருக்கும் சங்கடம் இல்ல பாரு."

டாக்டர் சொன்னதைச் சாமுவேல் சொன்னார். மாமா தலையாட்டினார். டாக்டர் சொல்வது சரிதான், ஆனால் சனங்கள் பயப்படுகிறார்கள் என்றார். பாத்திரத்தில் மிஞ்சுவதைக் கொட்டக் கூடாது, கடைசியில் பாஸ்டர்தான் குடித்து முடிக்க வேண்டும், அவருக்கும் குழந்தைகள் இருக்கின்றன என்றார். தன் வீட்டில் புதிதாகப் பிறந்த பேரன் இருப்பதையும் சொன்னார். அவர் பயம் பொய்யில்லை. நான் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, உங்க அப்பாவும் எங்க அப்பாவும் ஏன் கப்பல் ஏறினாங்க?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஊர்ல மிராசு வீட்டுல தண்ணி கேட்டா கொட்டாங்குச்சியிலதானே ஊத்தினாங்க. தனியா வச்சிருந்த கொட்டாங்குச்சி. இங்க வந்து கோயில் கட்டி, ஒரே பாத்திரத்துல குடிச்ச அன்னிக்கு எங்க அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடலையாம். வாய்ல அந்த ருசி இருக்கட்டும்னாராம்."

"அது ஜாதி, எஸ்தரு. இது சீக்கு. ரெண்டையும் ஒண்ணாப் பேசலாமா?"

"சீக்கு போயிருச்சு மாமா. கிளாஸு இப்பதானே வருது."

மாமாவின் முகம் சிவந்தது. கர்த்தர் வாசம்பண்ணுகிற இடம், அங்கே ஒழுங்கு வேண்டும், ஒருத்திக்காகச் சபையைக் கலைக்க முடியாது என்றார். வயதில் மூத்த மனிதரோடு அதுவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"அவரு அங்க மட்டும் வாசம்பண்றாருன்னா, நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ என் வாயத் தொடச்சது யாரு மாமா? நீங்க கட்டடத்தக் காவல் காத்துக்கிட்டிருங்க. நான் வேணாங்கல. கிளாஸ எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. நேராகக் கோயிலில் கொண்டுபோய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சாமுவேல் என் வெள்ளைப் புடவையை எடுத்து வெயிலில் போட்டார்.

ஞாயிறு வந்தது. கிராதியில் எப்போதும் நான் முட்டிபோடும் இடத்திலேயே, பெண்கள் வரிசைக்கு நடுவில் முட்டிபோட்டேன். என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். பாஸ்டர் அப்பம் கொடுத்தார். வாங்கினேன். பிறகு பாத்திரத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால் மாமா தட்டில் அந்தக் கிளாஸை ஏந்தி வந்தார். அதில் கொஞ்சம் ரசம் ஊற்றியிருந்தது. பாஸ்டர் என் முன்னால் நின்று தட்டைப் பார்த்தார். நான் கையை நீட்டவில்லை.

"எல்லாருக்கும் உள்ளதக் குடுங்க பாஸ்டர். இல்லேன்னா விட்டுட்டுப் போங்க. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கோயில் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசிப் பெஞ்சு வரை கேட்டதாம்.

பாஸ்டர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து என் வாயில் வைத்தார். குடித்தேன். அதன் பிறகு நடந்ததை நான் தலைகுனிந்தபடியே காதால்தான் கேட்டேன். எனக்கு முன் குடித்த பெண்களும், எனக்கு அப்புறம் இருந்த பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். புடவை சரசரக்கும் சத்தம், பலகைத் தரையில் காலடிச் சத்தம். ஆண்கள் பக்கத்திலும் எழுந்தார்கள். கிராதியில் நான் ஒருத்திதான் என்று நினைத்தபோது என் தோளில் ஒரு தோள் இடித்தது. சாமுவேல். ஆண்கள் பக்கத்திலிருந்து நடுவழியைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்து முட்டிபோட்டிருந்தார். எங்கள் கோயிலில் கல்யாணத்தன்று தவிர யாரும் அப்படிச் செய்ததில்லை. பாஸ்டர் பாத்திரத்தை அவர் வாயில் வைத்தார். அவர் குடித்தார்.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் குடிக்க வேண்டியது. கொட்டக் கூடாது. வேறு யாரும் வரவில்லை. பாஸ்டர் பீடத்துக்கு முன்னால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் குடிக்க ஆரம்பித்தார். நிறுத்தி மூச்சு விட்டார். மறுபடியும் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துத் துணியால் மூடினார். பிறகு ஆசீர்வாதம் சொன்னார். தட்டில் இருந்த கிளாஸை மாமா அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் இருந்ததை யார் குடித்தார் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் டிஸ்பென்சரிக்குப் போய் டிரஸர் முன்னால் மாத்திரை விழுங்கினேன். மாலையில் சபைக் கமிட்டி கூடி, அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் தனித்தனிச் சின்னக் கிளாஸ் என்று தீர்மானித்தது.